தெரிந்த கதைக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

2025 செப்டம்பரில் மன்னார்குடியில் இருந்து ஓர் அக்கா கேட்ட கேள்வி இது: "என் மகன் பத்தாவது படிக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை ஏதோ ஜப்பான் கார்ட்டூன் படம் வருகிறதாம். கூட்டாளிகளோடு தஞ்சாவூர் போய் முதல் நாளே பார்த்தாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இங்கே காலாண்டுத் தேர்வு நேரம். அதைவிடப் புரியாத விஷயம், அந்தக் கதை முழுவதும் அவனுக்கு முன்னாடியே தெரியுமாம். யார் சாவார்கள், யார் பிழைப்பார்கள் என்று ஒப்பிக்கிறான். முடிவு தெரிந்த படத்துக்கு எதற்கு இத்தனை ஆட்டம்? அனுப்பலாமா, வேண்டாமா?"

அனுப்புங்கள் அக்கா. எந்த நாளில் அனுப்புவது என்பதை மட்டும் பேசி முடிவு செய்துகொள்ளலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் கும்பகோணத்தில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லித்தருகிறவன். கவின் கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் இருந்தே ஜப்பான் அனிமேஷன் பார்த்து வருகிறேன். இந்த ஒரு மாதமாக என் வகுப்பில் இந்தப் படத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. அதனால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது.

படத்தின் பெயர் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்'. ஜப்பானில் 2025 ஜூலை 18 அன்று வந்துவிட்டது. எட்டே நாளில் அங்கே 1,000 கோடி யென் வசூலைத் தொட்டது. அதுவரை வேறு எந்தப் படமும் அங்கே இவ்வளவு வேகமாக அந்த எல்லையைத் தொட்டதில்லை. நம் ஊருக்கு செப்டம்பர் 12 வருகிறது. ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கிலும் வெளியாகிறது. நீளம் 155 நிமிடம். இடைவேளையும் விளம்பரமும் சேர்த்தால் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதைச் சுருக்கம் இதுதான். ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய ஜப்பான். மலைமேல் ஒரு ஏழைக் குடும்பம். அப்பா இறந்துவிட்டார். மூத்த பையன் தாஞ்சிரோ கரி சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். ஒருநாள் கரி விற்கப் போன இடத்தில் இருட்டிவிட, கீழேயே தங்கிவிட்டுக் காலையில் வீடு திரும்புகிறான். அம்மாவும் தம்பி தங்கைகளும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். ஒரே ஒரு தங்கை, நெஸுகோ, உயிரோடு இருக்கிறாள். ஆனால் அவள் அரக்கியாக மாறிவிட்டாள். தங்கையை மறுபடியும் மனுஷியாக்க வேண்டும், தன் குடும்பத்தை அழித்தவனைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதற்காக அந்தப் பையன் வாள் பிடிக்கக் கற்றுக்கொண்டு கிளம்புகிறான். கொயோஹாரு கொடோகே எழுதி வரைந்த இந்தப் படக்கதை 2016 பிப்ரவரியில் ஒரு ஜப்பானிய வார இதழில் தொடங்கி, 2020 மே மாதம் 205 அத்தியாயங்களோடு முடிந்தது. புத்தகமாக 23 தொகுதிகள். உங்கள் மகன் படித்துவிட்டேன் என்று சொல்வது இதைத்தான்.

அப்படியென்றால், முடிவு வெளியாகி ஐந்து வருடம் ஆகிவிட்டது. உங்கள் மகனுக்கு மட்டும் இல்லை, வெள்ளிக்கிழமை தியேட்டருக்குள் போகப்போகிற பெரும்பாலானவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் காத்திருக்கிறார்கள். உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஏனென்றால் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு இது புது விஷயமே இல்லை.

மே மாதம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூர் போயிருக்கிறீர்களா? வரதராஜப் பெருமாள் கோயில் எதிரே இரவு தொடங்கும் பிரகலாத நாடகம் விடிகிற வரைக்கும் போகும். மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி எழுதியது, தெலுங்கில் பாட்டு, ஆண்களே பெண் வேஷமும் கட்டுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காவது தூண் பிளக்குமா பிளக்காதா என்று சந்தேகம் இருக்கிறதா? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இருந்தும் பிரகலாதனின் அம்மா லீலாவதி அழும்போது கூட்டமும் சேர்ந்து கலங்குகிறது. கோயிலில் வைத்துப் பூஜை செய்கிற அந்த நரசிம்ம முகத்தை, விரதம் இருந்தவர் எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது, ஆவேசத்தில் துள்ளுகிறவரை இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கூட்டம் எழுந்து நின்றுவிடும். பக்கத்தில் சாலியமங்கலத்திலும் தேப்பெருமாநல்லூரிலும் பாகவத மேளா என்கிற இதே நாட்டிய நாடகம் உண்டு. தமிழில் இரணிய நாடகம் போடுகிற கிராமங்களும் தஞ்சாவூரைச் சுற்றி இருக்கின்றன. அங்கெல்லாம் ஜனங்கள் கதை கேட்கப் போவதில்லை. இந்த வருஷம் இரணியன் எப்படிப் பேசுகிறான், தூண் காட்சியை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார்கள். போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டே வீடு திரும்புகிறார்கள்.

உங்கள் மகனுக்கும் இதே ஆசைதான். காகிதத்தில் கறுப்பு வெள்ளையில் அசையாமல் நின்ற ஒரு சண்டையை அவன் மனசுக்குள் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருப்பான். அதைப் பெரிய திரையில், நிறத்தோடு, குரலோடு, இசையோடு எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தான் நினைத்தது போலவே இருக்கிறதா, அதற்கு மேலே போய்விட்டார்களா? அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை பரபரப்பு.

ஜூலை 25 வெளியான 'மகாவதார் நரசிம்மா'வை நீங்கள் பார்த்திருக்கலாம். அஸ்வின் குமார் இயக்கியது, இந்திய அனிமேஷன் படங்களில் இதுவரை அதிகம் வசூலித்தது அதுதான். தமிழிலும் வந்தது. தாத்தா பாட்டியோடு குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்தக் கதையும் தெரிந்த கதைதானே? அதற்குப் போனவர்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஜனவரியில் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' மறுபடியும் தியேட்டருக்கு வந்தது, தமிழ்க் குரலோடு. ஜப்பானியர் யூகோ சாகோ ஆசைப்பட்டு, ராம் மோகனும் கொய்ச்சி ஸஸாகியும் சேர்ந்து செய்த 1993-ஆம் வருடத்துப் படம் அது. நம் ராமனை ஜப்பானியர்கள் கையால் வரைந்து கொடுத்தால் நாம் உட்கார்ந்து பார்த்தோம். அவர்கள் கதையை அவர்களே வரைந்ததை நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தக் கதைக்குள்ளேயே விடிய விடிய ஆடுகிற ஒரு ஆட்டம் இருக்கிறது. தாஞ்சிரோவின் அப்பா நோயாளி. மெலிந்த உடம்பு. ஆனாலும் வருஷப் பிறப்பின்போது, பனி கொட்டுகிற மலையில், நெருப்புத் தெய்வத்துக்காகப் பொழுது சாய்ந்ததில் இருந்து பொழுது விடிகிற வரை நிறுத்தாமல் ஆடுவார். குடும்பத்துக்குக் கெடுதல் வரக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் செய்கிற சடங்கு. சின்னப் பையன் தாஞ்சிரோ அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். இவ்வளவு பலவீனமான அப்பா எப்படி இந்தப் பனியில் ஆடுகிறார் என்று அவனுக்குப் புரியாது. மூச்சு விடுகிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது என்பார் அப்பா. பல வருஷம் கழித்து, வாள் முறிந்து, சாகப்போகிற நிலையில் அந்த ஆட்டம் அவனுக்கு நினைவுக்கு வருகிறது. அப்பாவின் அடவுகளே வாள்வீச்சாக மாறுகின்றன. இந்தப் படக்கதையை வைத்து வந்த டிவி தொடரின் 19-ஆவது பகுதி அது. 2019 ஆகஸ்டில் ஒளிபரப்பானது. அதுவரை ஓரளவுக்குப் பார்க்கப்பட்டு வந்த ஒரு தொடரை உலகம் முழுவதும் பேச வைத்தது அந்த ஒரு பகுதிதான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். வீட்டில் அதை மட்டும் போடச் சொல்லி அவனோடு உட்கார்ந்து பாருங்கள் அக்கா. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது கைவேலைக்கு வருகிறேன். பிள்ளைகளின் ஆர்வத்தில் பாதி இதில்தான் இருக்கிறது, பெரியவர்கள் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். இந்தத் தொடரையும் படத்தையும் செய்தது யூஃபோடேபிள் என்ற ஸ்டூடியோ. இயக்குநர் ஹருவோ சோடோஸாகி. முதல் பகுதியில் இருந்து இதே கூட்டணிதான். ஆட்களைக் கையால் வரைகிறார்கள். பின்னணியில் உள்ள கட்டடத்தைப் பல இடங்களில் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் கட்டுகிறார்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து, ஒளி, புகை, தூசி, நிழல் எல்லாம் ஏற்றுகிற வேலை தனி. அந்த இணைப்பு வேலையில் இவர்களுக்கு இருக்கிற பெயர் பெரிய பெயர். வரைந்த ஆளும் கட்டின கட்டடமும் ஒரே வெளிச்சத்தில் நிற்பதாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஆள் ஒட்டாமல் மிதக்கிற மாதிரி ஆகிவிடும்.

இந்தப் படத்துக்கு அந்த வேலை எவ்வளவு கடினம் என்றால், கதை நடக்கிற இடமே ஒரு முடிவில்லாத கோட்டை. மேலே கீழே என்று கிடையாது. பாய் விரித்த அறைகள், இழுத்துத் திறக்கிற கதவுகள், மாடிப்படிகள் எல்லாம் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் அடுக்கிக்கொண்டே போகும். கண்ணை முடியால் மறைத்த ஓர் அரக்கி உட்கார்ந்து பிவா என்கிற தந்திக் கருவியை மீட்டுவாள். ஒரு தட்டு தட்டினால் அறைகள் இடம் மாறும், தரை பிளந்து ஆட்கள் விழுவார்கள். போன வருடம் ஜூன் கடைசியில் தொடர் முடிந்தது சரியாக அந்த இடத்தில்தான். எல்லாரும் அந்தக் கோட்டைக்குள் விழுந்துகொண்டிருக்கிறார்கள், திரை இருண்டுவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகள் அந்தரத்திலேயே நிற்கிறார்கள். படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் மகனின் அவசரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த பிவா பற்றி ஒரு சின்ன விஷயம், சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஜப்பானில் பென்ஸைதென் என்று ஒரு தெய்வம் உண்டு. கலைக்கும் இசைக்கும் அவள்தான். கையில் பிவா வைத்திருப்பாள். பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதிதான் அவள். பூந்தோட்டம் பக்கத்தில் கூத்தனூர் கோயிலுக்குப் பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம் இல்லையா, அதே அம்மன். பலா மரத்தில் குடைந்த வீணை செய்கிற தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தத் தந்திச் சத்தம் அந்நியமாகப் படாததில் ஆச்சரியம் இல்லை.

தாஞ்சிரோ வாளைச் சுழற்றும்போது தண்ணீர் வருகிற காட்சியைப் பார்த்திருப்பீர்கள், உங்கள் மகன் போனின் முகப்பிலேயே அது இருக்கும். அந்தத் தண்ணீர் நிஜத் தண்ணீர் போல வரையப்பட்டது இல்லை. பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களில் ஹொக்குசாய் போன்றவர்கள் அலையை எப்படி வரைந்தார்களோ அந்தப் பாணி. தடித்த கறுப்புக் கோடு, அதற்குள் தட்டையான நீலம், முனையில் விரல் விரலாகப் பிரியும் வெள்ளை நுரை. என் வகுப்பில் எட்டாவது படிக்கிற ஒரு பையன் மாதக்கணக்காக இதை வரைய முயன்றான். கோடு விறைத்துக்கொண்டே இருந்தது. ஜூன் 12 மேட்டூர் திறந்து, அரசலாற்றில் புதுத் தண்ணீர் வந்தபோது அவன் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறான். காய்ந்த மணலைத் தண்ணீரின் முன்முனை எப்படி நக்கிக்கொண்டு வருகிறது, சருகையும் குச்சியையும் எப்படித் தள்ளிக்கொண்டு வருகிறது, ஒரு குழியைக் கண்டால் எப்படி நின்று நிரப்பிவிட்டு மறுபடி நகர்கிறது என்று கவனித்திருக்கிறான். அடுத்த வகுப்பில் வரைந்த கோடு வேறு கோடு. அழுத்தம் கொடுக்க வேண்டிய இடத்தில் தடித்து, நுரை பிரிகிற இடத்தில் மெலிந்து, ஓடியது. நான் திருத்த ஒன்றும் இல்லை. படம் பார்த்து ஆற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை அவன்.

இந்த ரசிகர்களின் உற்சாகம் சும்மா விசில் அடிப்பதோடு நிற்பதில்லை. கையில் எதையாவது செய்கிறார்கள். கல்லூரி படிக்கிற ஒரு பெண், வெள்ளிக்கிழமைக்கு உடுத்திப் போக தாஞ்சிரோவின் மேலங்கி வேண்டும் என்று தைத்துக்கொண்டிருக்கிறாள். பச்சையும் கறுப்பும் மாறி மாறி வரும் சதுரக் கட்டம். கடையில் அந்த அச்சுத் துணி கிடைக்கவில்லை. பிளவுஸ் லைனிங் துணியில் இரண்டு நிறமும் வாங்கி, உள்ளங்கை அளவுச் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டுத் தையல் போட்டிருக்கிறாள். பச்சையில் நீலம் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும், கிளிப்பச்சை ஆகாது என்று மகாமகக் குளத்தைச் சுற்றி இருக்கிற கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறாள். மிஷினில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தது அவள் அம்மா. மூலை சேருகிற இடத்தில் துணி சுருங்காமல் இருக்க, தையல் பிரிவை ஒரு வரிசை இடமும் அடுத்த வரிசை வலமும் மடித்து இஸ்திரி போட்டாராம். கொண்டுவந்து காட்டினாள். திருப்பிப் பார்த்தேன். உள்பக்கமும் அத்தனை சுத்தம். அவள் தோழி ஷினோபு என்கிற பாத்திரத்துக்காக ஒரு வெள்ளைத் துப்பட்டாவில் ஃபேப்ரிக் பெயின்ட்டால் பட்டாம்பூச்சிச் சிறகின் நரம்புகளை வரைந்துகொண்டிருக்கிறாள். பன்றித் தலையோடு சுற்றுகிற இனோசுகேக்கு ஒருவன் காகிதக் கூழில் முகமூடி செய்கிறான், அது இன்னும் காயவில்லை.

இந்தக் கூட்டம் திடீரென்று முளைத்ததும் இல்லை. 2007-இல் சுட்டி டிவி வந்த காலத்தில் 'டோராவின் பயணங்கள்' பார்த்தும், ஜாக்கி சானின் கார்ட்டூனைத் தமிழில் பார்த்தும் வளர்ந்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். தமிழில் பேசுகிற கார்ட்டூன் அவர்களுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. 2022-இல் சோனி யாய் சேனல் 'நாருடோ' என்ற ஜப்பானியத் தொடரைத் தமிழில் போட்டபோது தம்பி தங்கைகளும் சேர்ந்துகொண்டார்கள். 2019-இல் 'வெதரிங் வித் யூ' என்ற ஜப்பானியப் படத்தை இந்தியாவில் வெளியிடச் சொல்லி 50,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், படமும் வந்தது. அப்போது அதைப் பார்க்க வேண்டும் என்றால் பெருநகரத்துக்குத்தான் ஓட வேண்டும். ஆறே வருடத்தில் ஒரு ஜப்பானியப் படம் அமெரிக்காவில் வருகிற அதே நாளில், தமிழ் பேசிக்கொண்டு தஞ்சாவூருக்கு வருகிறது. கேட்டுக் கேட்டுக் கொண்டுவந்தவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு முதல் நாளில் உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

தமிழில் பார்ப்பதா, ஜப்பானிய மொழியிலேயே பார்ப்பதா என்று ரசிகர்களுக்குள் பெரிய வாக்குவாதம் ஓடும். உங்கள் மகன் ஜப்பானிய மொழிதான் என்பான். தாஞ்சிரோவுக்கு நட்சுகி ஹனாயே கொடுக்கிற குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு வேறு குரல் ஏறாது, அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குரல் உடைகிற இடங்களில் நம் நெஞ்சும் உடையும். ஆனால் ஜப்பானிய மொழியில் போடும்போது கீழே ஓடுவது ஆங்கில எழுத்து. கண் பாதி நேரம் அந்த எழுத்திலேயே நிற்கும், இவ்வளவு வேகமான சண்டையில் படத்தைத் தவறவிடுவோம். நீங்கள் போவதாக இருந்தால் தமிழில் பாருங்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடமும் முதலில் தமிழில் பார்த்துக் கண்ணைப் படத்துக்குக் கொடு, பிறகு ஜப்பானிய மொழியில் பார்த்துக் காதைக் குரலுக்குக் கொடு என்றுதான் சொல்லியிருக்கிறேன். எதுவாக இருந்தாலும் டிக்கெட் எடுக்கும்போது காட்சிக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் மொழியைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே தியேட்டரில் காலை ஒரு மொழி, மாலை ஒரு மொழி ஓடும். பரபரப்பில் மாற்றி எடுத்துவிடுவார்கள்.

அப்புறம், பயப்பட ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தாய்க்கு அந்த எண்ணம் இல்லாமல் இருக்காது. இது குழந்தைகளுக்கான கார்ட்டூன் இல்லை. அரக்கர்களைக் கொல்லப் பெரும்பாலும் கழுத்தைத்தான் வெட்டுகிறார்கள். ரத்தம் நிறைய உண்டு. ஜப்பானில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெற்றோர் கவனித்து அழைத்துப் போக வேண்டிய படமாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இன்னும் கடுமை, பதினேழு வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை வேண்டும். பத்தாவது படிக்கிற பையனுக்கு, அதுவும் கதையை ஏற்கெனவே படித்தவனுக்கு, இது தாங்காது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்து, அண்ணனோடு நானும் போவேன் என்று அழுதால், வேண்டாம். ரத்தத்தை விடுங்கள், தலைகீழாக விழுந்துகொண்டே இருக்கிற அந்தக் கோட்டையும் அந்தச் சத்தமும் சின்னக் குழந்தையைத் தூங்கவிடாது.

ரத்தத்துக்கு நடுவில் இந்தக் கதை செய்கிற ஒரு காரியத்தை மட்டும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். சாகிற அரக்கர்கள் பலருக்கும் கடைசி நொடியில் தாங்கள் மனுஷர்களாக இருந்தபோது யாராக இருந்தோம் என்பது நினைவுக்கு வரும். பசி, அவமானம், பறிகொடுத்த யாரோ ஒருவர். தாஞ்சிரோ வெட்டியதும் நடந்து போய்விடுவதில்லை. சாம்பலாகிக்கொண்டிருக்கிற கையைப் பிடித்துக்கொள்வான், அழுவான். தப்பு செய்தவனைத் தண்டிக்கவும் வேண்டும், அவனுக்காக வருந்தவும் வேண்டும் என்று பதினைந்து வயதுப் பையனுக்குப் பாடம் நடத்தாமல் காட்டுகிற கதை வேறு எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் படத்தில் வரும் அகாஸா என்ற அரக்கனின் பழைய கதை அப்படிப்பட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் உங்கள் மகன் என்னை மன்னிக்க மாட்டான். இரண்டு மூன்று பெரிய சண்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வாழ்க்கை, அவ்வளவுதான் சொல்வேன்.

நீங்களும் கூடப் போகலாம் என்று தோன்றினால், 2020-இல் வந்த 'முகென் டிரெயின்' படத்தை முன்னாடியே வீட்டில் பார்த்துவிடுங்கள். ரயிலுக்குள் நடக்கிற கதை. ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்து அங்கே முதலிடத்தைப் பிடித்த படம். அகாஸா முதன்முதலில் வருவது அதில்தான். ரெங்கோகு என்ற வீரனுக்கும் அவனுக்கும் அங்கே நடந்ததைப் பார்க்காமல் போனால், புதுப் படத்தில் தியேட்டரே ஏன் அப்படிக் கொதிக்கிறது என்று புரியாது. முடிந்தால் டிவி தொடரில் கடைசியாக வந்த பயிற்சிப் பகுதியின் எட்டு எபிசோடில் கடைசி ஒன்றையும் பாருங்கள். மீதியை உங்கள் மகன் பஸ்ஸில் சொல்லிவிடுவான்.

இப்போது நாள். செப்டம்பர் 12 வெள்ளிக்கிழமை, பள்ளி நாள். அன்றோ மறுநாளோ பரீட்சை இருந்தால் முதல் நாள் ஆசையை விடச் சொல்லலாம், அது நியாயம்தான். அதற்கு மேல் அடுத்த வாரம், லீவு விட்டதும் என்று தள்ளாதீர்கள். காலாண்டு லீவு வருவதற்குள் பார்த்தவர்கள் எல்லாரும் ஸ்டேட்டஸில் முக்கியக் காட்சிகளைப் போட்டுவிடுவார்கள். திரையைப் போனில் படம் பிடித்துப் போடுவது பெரிய தொல்லை. அவன் ஐந்து வருடமாகக் காத்திருந்த காட்சியை ஒரு ஆடுகிற வீடியோவில் முதலில் பார்க்கும்படி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி என்று பேசி முடியுங்கள். மன்னார்குடியில் காலை பஸ் ஏறினால் வடுவூர் வழியாகத் தஞ்சாவூர். மத்தியானம் படம் விட்டதும் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து திங்கட்கிழமைக்குப் படிக்கலாம். சனிக்கிழமை முழுக்கப் படித்துக் காட்டினால் டிக்கெட் என்று சொல்லிப் பாருங்கள், எந்தத் தலைவன் படத்துக்கும் படிக்காத பிள்ளை இதற்குப் படிப்பான். டிக்கெட்டை மட்டும் இன்றைக்கே போடச் சொல்லுங்கள், வாரக் கடைசி சீட்டுகள் வேகமாகப் போகும்.

கடைசியாக ஒன்று. கதை இந்தப் படத்தோடு முடியவில்லை. மொத்தம் மூன்று படங்கள், இது முதலாவது. வீடு திரும்பும்போது அவன் பாதிக் கதையில் நின்றுகொண்டிருப்பான், முகம் ஒரு மாதிரி இருக்கும். படம் பிடிக்கவில்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்து ஓடி முடிகிற வரை எழுந்து வராமல் பாட்டைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எத்தனை மணிக்கு வருவான் என்பதைப் படம் விட்ட நேரத்தில் இருந்து கணக்குப் போடாமல், அவர்கள் தியேட்டர் வாசலில் நின்று பேசித் தீர்க்க ஒரு அரை மணி நேரம் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.